டிப்பர் வருமுன் கூடும் ஊர்: வன்னியில் சூழல் நீதிக்காக மக்களைத் திரட்டும் வேலை

இலங்கையின் வடக்கே வன்னியில் ஓர் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ மண் தோண்டும் பெக்கோ வந்து நிற்கிற அன்றுதான் பெரும்பாலும் விஷயம் ஊருக்குத் தெரியவரும். அந்த இடத்தைப் பற்றிய முடிவோ அதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டிருக்கும். வரைபடத்தில் கோடு விழுந்திருக்கும், ஒரு திணைக்களம் சிபாரிசு கொடுத்திருக்கும், இன்னொன்று ஆட்சேபனை இல்லை என்று கடிதம் அனுப்பியிருக்கும். அதற்குப் பிறகு சனம் வீதிக்கு இறங்கினால் பொலிஸ் வரும், வழக்கு வரும், பத்திரிகையில் படம் வரும். முடிவு மாறுவது மட்டும் அருமை. ஊர் மட்டத்தில் சூழல் நீதிக்காக மக்களைத் திரட்டுகிறவர்கள் மெனக்கெடுவது இந்தப் பிந்தலைக் குறைக்கத்தான். கோப்பு நகரத் தொடங்கும்போதே ஊரின் சொல்லும் அந்தக் கோப்புக்குள் ஏறிவிட வேண்டும்.

மரம் நடுகையும் கடற்கரை துப்புரவும் நல்ல காரியங்கள். ஆனால் சூழல் நீதி கேட்கிற கேள்வி வேறு. ஓர் இடத்தின் மண்ணையும் நீரையும் எடுத்து யார் பயனடைகிறார்கள், அதன் கேடு யார் தலையில் விழுகிறது, அதைத் தீர்மானித்தபோது அந்த ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதுதான் அது. வவுனியா நகரத்துக் குப்பை பம்பைமடுவில் கொட்டப்படுகிறது. அதன் நாற்றத்தையும் ஈயையும் சகித்துக்கொள்ள வேண்டியவர்கள் சாளம்பைக்குளத்துக்காரர். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் வாழும் ஊர் அது. நகரத்தில் குப்பையை உருவாக்குகிறவருக்கு அந்த ஊரின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் இந்த வேலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சனம் இல்லாத காலத்தில் இங்கே நிறையக் கோடுகள் வரையப்பட்டன. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984இல் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள். இரணைதீவுக்காரர் 1992இல் இடம்பெயர்ந்தவர்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவின் ஏறத்தாழ முழுச் சனமும் 2008, 2009இல் மூட்டை முடிச்சோடு ஓடி, மனிக்பாம் முகாமில் அடைபட்டு, பிறகு கட்டம் கட்டமாகத் திரும்பியது. திரும்பி வந்தபோது வயல் பற்றையாகியிருந்தது. சில இடங்களில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நின்றது. சில இடங்களில் வனஜீவராசிகள், தொல்லியல் திணைக்களங்களும் மகாவலி அதிகாரசபையும். சில இடங்களில் முட்கம்பி வேலியும் முகாமும். காணி உறுதியும் பெர்மிட்டும் பலரிடம் இல்லை. ஓடுகிற வழியில் பெட்டியோடு போனவை அவை.

அதனால் இங்கே முதல் வேலை, அந்த இடத்தில் ஆள் இருந்ததை நிறுவுவது. கமநல சேவை நிலையத்தின் பழைய காணி இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டறிக்கைப் புத்தகம் யார் வீட்டிலாவது தப்பியிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பதிவு, கோயில் திருவிழா நோட்டீஸ், திருமணப் பதிவில் எழுதிய விலாசம் எல்லாம் பயன்படும். எதுவும் கிடைக்காவிட்டால் நடக்க வேண்டியதுதான். வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனால் அவர் புளியமரத்தை அடையாளம் வைத்துத் திரும்புவார், பிறகு பனை வரிசையைத் தேடுவார், கடைசியில் பற்றைக்குள்ளே கட்டுக்கிணறு ஒன்றைக் காட்டுவார். "இதுதான் எங்கட மாமாவின்ர வளவு" என்பார். கட்டுக்கிணறு காட்டில் தானாக முளைக்காது. தொலைபேசியில் அந்த இடத்தின் ஆள்கூற்றைக் குறித்து, படம் எடுத்து, அவர் சொன்னதை எழுதிக் கையொப்பம் வாங்கினால் அது ஓர் ஆவணம். இப்படி ஒரு கிராமத்துக்கு முப்பது நாற்பது தாள் சேர்ந்த பிறகு பிரதேச செயலகத்தில் பேசுகிற தொனியே மாறிவிடும்.

மணல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வேலையின் நாளாந்தம் அதிகம் கழிவது அங்கேதான்.

கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு எல்லாமே மழைக்கால ஆறுகள். மார்கழி, தையில் கரை புரளும். ஆடி, ஆவணியில் வெறும் மணலாய்க் கிடக்கும். வெளியாளுக்கு அது செத்த ஆறு. தண்ணீர் மணலுக்குள்ளே நிற்பது ஊருக்குத் தெரியும். மணலின் கனவளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. மழையில் அந்த இடைவெளிக்குள் ஏறிய நீர் கோடை முழுவதும் இரு கரையிலும் உள்ள கிணறுகளுக்கு ஊறிக்கொண்டிருக்கும். ஒரு கியூப் என்பது 100 கன அடி. 3 கியூப் ஏற்றிய டிப்பர் ஒன்று போனால், சுமார் 2,800 லீற்றர் நீர் தங்கக்கூடிய இடம் ஆற்றை விட்டுப் போகிறது. ஓர் இரவில் 20 டிப்பர் என்றால் 56,000 லீற்றருக்கான இடம். ஆற்றுப்படுக்கை தாழத் தாழக் கரைக் கிணறுகளின் நீர்மட்டமும் கூடவே இறங்கும். கரை இடியும், மருத மரங்கள் வேர் தெரியச் சாயும், அடுத்த வெள்ளத்தில் ஆறு வயலுக்குள் பாயும். கழிமுகப் பக்கம் என்றால் உப்புத் தண்ணீர் ஆற்றுவழியே மேலேறும்.

இதைப் பற்றி எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் யாராவது ஒருவர் எழும்பி, "அவங்களிட்ட லைசன் இருக்கெண்டுதானே சொல்லுறாங்கள், பிறகு நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்பார். கூட்டம் அந்த இடத்திலேயே சோர்ந்துபோகும். ஒழுங்குபடுத்துகிறவர் அப்போது கொடுக்க வேண்டிய பதில் சின்னது: சரி, அந்த லைசனைப் பார்ப்பம்.

பார்க்க முடியும். மணல் அகழ்வுக்கான அனுமதிப்பத்திரத்தை 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் வழங்குகிறது. எந்த இடம், எத்தனை கியூப், எவ்வளவு காலம், என்னென்ன நிபந்தனை என்று அதில் இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரசையும் அதன் பிரதியைக் கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் உத்தியோகத்தர் ஏற்க வேண்டும். 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கும் பலன் இல்லையென்றால் கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இதில் ஊர்க்காரர் வழக்கமாகத் தவறவிடுவது, விண்ணப்பம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டு. "வைச்சிட்டுப் போங்கோ, பார்ப்பம்" என்று சொன்னால் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் 14 நாள் எந்த நாளிலிருந்து என்று யாருக்கும் தெரியாது.

அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் கூட்டத்துக்கு உயிர் வரும். பத்திரத்தில் சொன்ன இடம் ஓரிடம், மணல் தோண்டிய கிடங்கு இருப்பது வேறிடம் என்று தெரியவரலாம். அனுமதித்த கியூப் கணக்கும் சந்திக் கடைக்காரர் எண்ணி வைத்திருக்கிற டிப்பர் கணக்கும் பொருந்தாமல் போகலாம். பெடியள் கயிறும் தடியுமாகப் போய்க் கிடங்கின் ஆழத்தை அளந்து, திகதியோடு படம் எடுத்து வருவார்கள். பகலில், ஐந்தாறு பேராக. இரவில் டிப்பரை மறிக்கப் போவதைத் தடுப்பதும் ஒழுங்குபடுத்துகிறவரின் பொறுப்புத்தான். இளந்தாரிகளின் கோபம் நியாயமானது. ஆனால் இரவு மறியலில் அடிபடுவதும் பிறகு வழக்கில் எதிரியாய் நிற்பதும் ஊர்ப்பிள்ளையாகத்தான் இருக்கும்.

சட்டத்தில் ஓட்டைகளும் உண்டு. ஒவ்வொரு அனுமதியும் சிறியது, ஆறு ஒன்றே. தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிய சுற்றாடல் ஆய்வு கேட்கிற அளவை எட்டாது. சேர்த்துப் பார்த்தால் ஆறே இல்லாமல் போகும். 2019 டிசெம்பரில் மணல், மண், கிரவல் கொண்டுபோவதற்கான போக்குவரத்து அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. மறுவருடம் உயர்நீதிமன்றம் அதை இடைநிறுத்தும்வரை, வீதியில் மறித்துத் தாளைக் காட்டு என்று கேட்கிற ஒரு வழியும் அடைபட்டுப்போயிருந்தது.

இனி, ஊருக்குள்ளே இருக்கிற பிரச்சினை. வெளியார் எழுதுகிற அறிக்கைகள் இதைத் தொடுவதே இல்லை. மணல் ஏற்றுகிற பெடியன் அதே ஊர்க்காரன். பெரும்பாலும் அவனுடைய குடும்பத்துக்குக் குளத்தின் கீழ் வயல் கிடையாது. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களில் பலருக்குக் கிடைத்தது குடியிருப்புக் காணித் துண்டு மட்டுமே. நீர்ப்பாசனக் காணி முன்பே பங்கிடப்பட்டு முடிந்திருந்தது. கமக்காரர் அமைப்பில் இருப்பவர்கள் பயிர் செய்கிறவர்கள். சிறுபோகக் (கோடைப் பயிர்க்) கூட்டத்தில் தண்ணீரைப் பற்றித் தீர்மானிப்பவர்களும் அவர்களே. காணியில்லாதவருக்கு அங்கே கதிரை இல்லை. பிறகு மணல் பிரச்சினை என்று வரும்போது மட்டும் "நீயும் ஊர்தானே, நிப்பாட்டு" என்று அவனிடம் சொன்னால் அவன் ஏன் கேட்க வேண்டும்?

மணலே எடுக்கக் கூடாது என்ற கோஷம் வன்னியில் நிலைக்காது. மீள்குடியேற்ற வீட்டுத்திட்டங்களுக்கும் மணல் தேவைப்பட்டது, இன்னும் அரைச்சுவரோடு நிற்கிற வீடுகள் இருக்கின்றன. கூட்டத்தில் காணியில்லாத குடும்பங்களையும் உட்கார வைத்து, எந்த இடத்தில் எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம், இயந்திரம் இல்லாமல் கையால் அள்ளி உழவு இயந்திரத்தில் ஏற்றலாமா, அனுமதி வெளியாளுக்குப் போகாமல் உள்ளூர்ச் சங்கத்துக்குக் கிடைக்கச் செய்யலாமா என்று பேசினால்தான் பேச்சு முன்னே போகும். இரண்டு மூன்று கூட்டம் சண்டையிலேயே முடியும். அதைத் தாங்கிக்கொள்கிற பொறுமை இந்த வேலைக்கு வேண்டிய முதல் தகுதி என்பேன்.

பெண்களின் விஷயமும் இதோடு சேர்ந்தது. கிணறு வற்றினால் குடத்தோடு நடப்பவர், தண்ணீர் உவர்த்துவிட்டது என்று நாக்கால் முதலில் கண்டுபிடிப்பவர், பெரும்பாலும் வீட்டுப் பெண். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் அவர் குரல் கேட்பது குறைவு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்தில் கேட்கும். எனவே தகவல் சேர்க்கப் போகிறவர் எந்தச் சங்கத்தின் வாசலில் ஏறுகிறார் என்பதைப் பொறுத்து வருகிற தகவலே மாறும். கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பு மக்கள் 2017இல் தங்கள் காணியைத் திரும்பக் கேட்டு விமானப்படை முகாம் வாசலில் இரவு பகலாக இருந்தபோது முன்னால் இருந்தவர்கள் பெண்கள். 2017 ஜனவரி 31இல் தொடங்கிய பிலக்குடியிருப்புப் போராட்டம் மார்ச் 1இல் காணிக்குள் கால் வைத்ததோடு முடிந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் 23இல் இரணைதீவுக்காரர் ஒரு வருடம் கரையில் இருந்து போராடிப் பார்த்துவிட்டு, படகுகளில் ஏறித் தங்கள் தீவுக்குத் தாங்களே போய் இறங்கினார்கள். அங்கும் பெண்கள் முன்னின்றார்கள்.

ஊருக்கும் ஊருக்கும் இடையிலே நீதி எது என்று கேட்க வேண்டி வந்தால் இன்னும் கடினம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கதை அப்படிப்பட்டது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, நிலத்தடி நீர் உவர்த்தும் மாசடைந்தும் வருகிறது. இரணைமடுவிலிருந்து குழாய் வழியே குடிநீர் கொண்டுபோகும் திட்டத்துக்கு 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் ஒப்புதல் கொடுத்தது. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்பவனுக்கு இல்லையென்று சொல்கிறார்கள் என்று யாழ்ப்பாணத்தில் அவர்களைப் பற்றி மனம் நோகப் பேசினவர்கள் உண்டு. ஆனால் கமக்காரரின் கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இரணைமடுவின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. சிறுபோகத்துக்கு அந்த முழு நிலத்துக்கும் நீர் போதாது. அதனால் ஒரு பகுதியை மட்டும் தெரிந்து பங்கு போட்டு விதைக்கிறார்கள். மழை பொய்த்த வருடத்தில் அதுவும் இல்லை. அப்படியான குளத்திலிருந்து ஒவ்வொரு நாளும் இவ்வளவு என்று கட்டாயமாக எடுத்தால், வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கிற சின்னக் கமக்காரருக்கு என்ன மிஞ்சும்? அணையை உயர்த்திக் கூடுதல் நீர் பிடிப்போம் என்று பொறியியலாளர்கள் சொன்னார்கள். அணையை உயர்த்தலாம், மழையை உயர்த்த முடியாது என்பதுதான் கமக்காரரின் பதிலாக இருந்தது.

அந்த எதிர்ப்பு நின்று பிடித்ததற்குக் காரணம், இரணைமடுக் கமக்காரர் அமைப்புகளிடம் போகத்துக்குப் போகம் எழுதி வைத்த கணக்கு இருந்ததுதான் என்று நான் நம்புகிறேன். எந்த வருடம் எத்தனை அடி நீர், எத்தனை ஏக்கர் சிறுபோகம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. மாகாண சபைக் காலத்தில் நீண்ட இழுபறிக்குப் பிறகு திட்டம் மாறியது. கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் கட்டப்பட்டு, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவோடு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கடல்நீர் சுத்திகரிப்புக்கு மின்சாரம் அதிகம் வேண்டும், வெளியேறும் உப்புக் கரைசல் பற்றி அந்தக் கரைத் தொழிலாளர்களுக்குக் கவலை உண்டு. அது அவர்களுடைய நீதிக் கேள்வி, அதையும் யாராவது கேட்டு எழுதத்தான் வேண்டும்.

கடற்கரைப் பக்கம் பூநகரியில் இன்னொரு பாடம். பொன்னாவெளியில் சீமெந்துக்குச் சுண்ணக்கல் அகழும் திட்டத்தை எதிர்த்து 2023, 2024இல் சுற்றுவட்டார மக்கள் தொடர்ந்து போராடினார்கள். சுண்ணக்கல்லை எடுத்தால் தண்ணீருக்கு என்ன ஆகும் என்பதைக் கூட்டத்தில் விளக்குவது அவசியம், ஏனென்றால் கல் வேறு தண்ணீர் வேறு என்றுதான் கம்பனி பேசும். கடலோரச் சுண்ணக்கல்லில் மழைநீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி மேலேறப் பார்க்கும். கிடங்கு தோண்டி நீரை இறைப்பதென்றால் அந்தத் தராசில் கை வைப்பதாகும். கிராஞ்சியில் 2022இல் கடலட்டைப் பண்ணைகளுக்கு எதிராக மக்கள் எழும்பியபோதும் விளக்கம் இதே அளவு தேவைப்பட்டது. அட்டை வளர்ப்பு யாருக்கும் தீங்கில்லாத தொழில்போலத் தோன்றும். ஆனால் கரையோரக் கடலில் வேலி அடைத்தால் நடந்து போய்க் கையால் தொழில் செய்கிற பெண்ணின் வழியும், சின்னப் படகின் வழியும், சிறகுவலையின் இடமும் போய்விடும். அந்த வருடம் ஜூனில்தான் வடக்கு கிழக்கில் 5,000 ஏக்கரில் அட்டைப் பண்ணைகளுக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது.

இயற்கையைக் காப்பாற்றுகிற திணைக்களங்கள் நமது பக்கமா, எதிர்ப்பக்கமா என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். நேர்ப் பதில் இல்லை. நந்திக்கடலும் நாயாறும் 2017 ஜனவரியில் இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் வந்தன. எல்லைக்குள் தங்கள் வயலும் தொழில் இடமும் சிக்கிவிட்டன என்று முல்லைத்தீவு மக்கள் அன்றுமுதல் சொல்லிவருகிறார்கள். மன்னார் விடத்தல்தீவிலோ நிலைமை தலைகீழ். 2016இல் இயற்கை ஒதுக்கிடமான அந்தக் கண்டல் காட்டிலிருந்து 168 ஹெக்டேயரை நீருயிரினப் பண்ணைகளுக்காக விடுவித்து 2024 மேயில் வர்த்தமானி வந்தது. சூழல் அமைப்புகள் உயர்நீதிமன்றம் போய் அதே ஜூலையில் இடைக்காலத் தடை வாங்கின. ஓரிடத்தில் வேலி மக்களை வெளியே தள்ளியது, இன்னோரிடத்தில் வேலியை எடுப்பதுதான் ஆபத்தாக வந்தது. இரண்டிலும் முன்கூட்டி மக்களைக் கேட்கவில்லை என்பதே பொது. 2001இன் சுற்றறிக்கை ஒன்றின்படி வனவளத் திணைக்களத்தின் கீழ் இருந்த ஏனைய அரச காடுகளை, 2020 நவம்பரில் பிரதேச செயலர்களிடம் ஒப்படைத்தபோதும் இப்படித்தான். தன் பழைய சேனைக் காணி திரும்பக் கிடைக்கும் என்று மகிழ்ந்த கமக்காரர் இருந்தார்கள். அதே கதவு வழியே பெரிய கம்பனியும் வரலாம் என்பதை அவரிடம் சொல்வது சங்கடமான கடமை. சொல்லத்தான் வேண்டும்.

சட்டம் தருகிற வாய்ப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல் வந்தது, 1988இல் சுற்றாடல் தாக்க மதிப்பீடு அதில் சேர்ந்தது. மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பொதுமக்களுக்கு 30 நாள். எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம். அறிவித்தல் பத்திரிகையின் உள்பக்கத்தில் சின்னதாக வரும். ஊரில் யாராவது ஒருவர் அதைக் கவனிக்கிற பொறுப்பை ஏற்காவிட்டால் 30 நாளும் யாருக்கும் தெரியாமல் கழிந்துவிடும். திட்டம் ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை என்ற சின்ன வகைக்குள் அடக்கப்பட்டால், 2000ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு மக்களிடம் கருத்துக் கேட்கும் கடமையே இல்லை. அறிக்கையைப் போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். எனவே எந்த வகை ஆய்வு என்பது முடிவாகும் முன்னரே எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது. அடிப்படை உரிமை மனுவுக்கு உள்ள காலம் ஒரே ஒரு மாதம். சின்னத் தொல்லைகளுக்கு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் அருகிலுள்ள நீதவான் நீதிமன்றத்துக்கே போகலாம்.

நீதிமன்றம் எட்டாத இடம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். வன்னிக்குத் தெற்கே எப்பாவலயில் பொஸ்பேற் அகழ்வைத் தடுக்க மனுப் போட்டவர்கள் ஏழு ஊர்க்காரர். 2000இல் உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்த்து, இயற்கை வளத்துக்கு அரசு பொறுப்பாளியே என்றது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை.

இந்த வேலை வன்னிக்குப் புதிதல்ல. 1970களின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் காந்தியம் என்ற அமைப்பை நடத்தி, வன்செயலில் அகதியாக வந்த மலையக மக்களை வவுனியாப் பக்கம் குடியேற்றினார்கள். முன்பள்ளி, நடமாடும் மருத்துவம், பண்ணை என்று ஊரோடு ஊராக இருந்து செய்தார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். ஊரை ஒழுங்குபடுத்தினால் என்ன நடக்கும் என்ற பயம் இங்கே எங்கிருந்து வருகிறது என்பதை வெளியிலிருந்து வருகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். கூட்டம் நடந்த மறுநாள், யார் கூப்பிட்டது, காசு எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க ஆள் வருவது இன்றும் நடக்கிறது. வருகை இடாப்பில் கையொப்பம் வைக்கத் தயங்குகிற அம்மாவைப் பயந்தவர் என்று சொல்லக் கூடாது. அவருக்கு அனுபவம் இருக்கிறது. அவர் கையொப்பம் வைக்காமலே பேசுவதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

காசுப் பிரச்சினையும் இருக்கிறது. தொண்டு நிறுவனத் திட்டம் ஒன்றுக்கு வயது பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம். அதன் கீழ் சம்பளம் வாங்குகிற வெளிக்கள உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து போவார், திட்டம் முடிந்தால் வரமாட்டார். மணல் கிடங்கும் அட்டைப் பண்ணையும் அந்தக் கால அட்டவணையைப் பார்த்து வருவதில்லை. ஆகவே வேலை சங்கங்களிடம் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம், மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் எல்லாம் பதிவு செய்யப்பட்டவை, முத்திரை உள்ளவை. பிரதேச, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்களுக்கு அவற்றின் கடிதம் போனால் பதில் தராமல் இருப்பது கடினம். மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிரான குரல் எடுபட்டதும் இப்படித்தான். 2025 ஓகஸ்டில் காற்றாலை வேலைகளைக் கொஞ்சக் காலம் நிறுத்திவைக்க ஜனாதிபதி இணங்கினார். ஆலயங்களும் மீனவர் சங்கங்களும் பிரசைகள் குழுவும் வீதியில் நின்றதோடு நில்லாமல், வெள்ளம் வடிகிற வழி எங்கே அடைபட்டது என்று இடம் இடமாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

இந்த வருடம் எதையாவது தொடங்க நினைக்கிற சங்கத்துக்கு ஒரு வேலை சொல்கிறேன், செலவில்லாதது. ஊரில் ஆற்றுக்கோ கடலுக்கோ கிட்ட இரண்டு, நடுவில் இரண்டு, தூரத்தில் இரண்டு என்று ஆறு கிணறுகளைத் தெரியுங்கள். அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம்வரை எத்தனை அடி என்று ஆவணிக் கடைசியில் ஒருமுறையும், மழை முடிந்து மாசியில் ஒருமுறையும் அளவுங்கள். தண்ணீர் நன்னீரா, சவரா, உவரா என்று குடிக்கிற வீட்டுக்காரரிடமே கேட்டு எழுதுங்கள். திகதி, கிணற்றுக்காரரின் ஒப்புதல், தலைவர், செயலாளர் கையொப்பம் எல்லாம் கூட்டறிக்கைப் புத்தகத்தில் இருக்கட்டும், ஒரு போட்டோக்கொப்பி கிராம அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். இரண்டு வருடம் செய்தால் நான்கு அளவு சேரும். ஒரு கம்பனியின் அறிக்கை ஒரு பருவத்து நீர்மட்டத்தை மட்டும் காட்டிப் பாதிப்பில்லை என்று சொன்னால், 30 நாளுக்குள் எதிர்த்து எழுத ஊரிடம் கணக்கு இருக்கும். அளக்கிற பொறுப்பை மாதர் சங்கத்திடம் கொடுங்கள், விடுபடாது.